வியாழக்கிழமைப் படங்கள்

போன மாதம் எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து இளைய விரிவுரையாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பாலினம், பாலீர்ப்பு பற்றி மாணவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "மேடம், நீங்க அந்தக் காலத்துலயே படம் போட்டுக் காட்டுனீங்களாமே. எப்படி ஆரம்பிச்சீங்க? யாரும் சண்டைக்கு வரலையா?" என்று கேட்டார். வந்தார்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்று மதியம் முழுவதும் கண்ணை மூடினால் ஒரு வெள்ளைச் சுவர். அதன்மேல் ஒளி அசைந்துகொண்டிருந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்ததிலும் வேலைக்கு வந்ததிலும் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. அப்பா கழகக்காரர். அதனால்தான் எனக்குத் தமிழ்ச்செல்வி என்று பெயர். அதனால்தான் எங்கள் வீட்டில் பெண்பிள்ளை படித்தாள். பதினொரு வருடம் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இடையில் அஞ்சல் வழியில் உளவியல் படித்தேன். பிறகு பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

அந்தப் பதினொரு வருடத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெண்பிள்ளைகளோடுதான் விளையாடுவான், இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் பேசுவான். ஒருநாள் ஏதோ எரிச்சலில், "உனக்கு அங்கதான் பிடிக்குதுன்னா அங்கயே போய் உக்காரு" என்று அவனைப் பெண்கள் வரிசைக்கு அனுப்பினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்று நாள் தலைகுனிந்து அங்கே உட்கார்ந்திருந்தான். நான்காம் நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மாடு மேய்க்கப் போறேங்குது டீச்சர், பள்ளிக்கூடம்னாலே அழுவுது" என்றாள் அவன் அம்மா. நான் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை.

பயிற்சி நிறுவனத்துக்கு வந்தபோது எனக்கு முன்னால் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் ஆளுக்கொரு வகுப்பறைக்குப் போகப் போகிறவர்கள். அந்த எண்பது வகுப்பறைகளிலும் எங்கேயாவது அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். நான் செய்ததை இவர்கள் செய்யக்கூடாது. பாடப்புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நானே சொல்லலாம் என்றால், வாய் திறந்ததும் பெண்கள் தாவணிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள், ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள். அப்போதுதான் படம் காட்டலாம் என்று தோன்றியது. சென்னையில் சில இளைஞர்கள் இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் போட்டால் குறுந்தகட்டை அஞ்சலில் அனுப்பிவைப்பார்கள்.

அனுமதிக் கடிதத்தோடு முதல்வர் எஸ்தர் மேடத்தின் அறைக்குப் போனேன். தரங்கம்பாடிக்காரர், மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளி ஆசிரியர் குடும்பம். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிப்பார். முதல் முறை கண்ணாடி போட்டு, இரண்டாம் முறை கழற்றிவிட்டு. அந்த இடைவெளியில் யாரும் பேசக்கூடாது.

"எதுக்கு இது?" என்றார்.

நான் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "மொதல்ல நான் பாக்கணும். முழுசா. பாக்காம ஒரு காகிதத்துலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

மறுநாள் மதியம் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தார். மடியில் நோட்டுப் புத்தகம். நான் வெளியே நின்றேன். படம் முடிந்து வந்தவர் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். முந்தானையால் துடைத்துக்கொண்டே, "வியாழக்கிழமை மூணு மணி. எல்லாருக்கும் கட்டாயம்னு எழுதிப் போடுங்க" என்றார். நோட்டுப் புத்தகத்தில் விதிமுறைகள் எழுதியிருந்தார். படம் முடிந்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. கேள்விகளைப் பெயரில்லாமல் துண்டுச்சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். விரிவுரையாளர் அவற்றைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். சிரித்தவர்களைத் திட்டக்கூடாது. யாரையும் பார்த்து 'நீயா?' என்று கேட்கவே கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அது ஒரு மிராசுதாரரின் நெல் கிடங்கு. கூலிப் போராட்டமும் நில உச்சவரம்பும் வந்து பண்ணை கலைந்தபின் அவர் குடும்பம் பட்டணத்துக்குப் போய்விட்டது. கட்டடம் அரசாங்கத்துக்கு வந்தது. சுவர் இரண்டு முழக் கனம். உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். மழைக்காலத்தில் நாங்கள் கறுப்புத் துணி கட்டி ஜன்னல்களை அடைத்தால் எங்கிருந்தோ நெல் வாசனை எழும். பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் துணியின் இடுக்கு வழியாக அதன் ஒளி உள்ளே வந்து மேற்கூரையில் நெளியும். கீழே சுவரில் யாரோ தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில் மின்சாரம் போய்விடும். போனாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இருட்டில் எண்பது பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வியாழக்கிழமைகளை நினைத்தால் விழித்துக்கொண்டே கனவு கண்ட மாதிரி இருக்கிறது.

முதலில் கேள்விகள் கோணல்மாணலாக வந்தன. 'கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடுமா?' 'இது மத்தவங்களுக்கும் ஒட்டிக்குமா?' இரண்டு பெண்கள் சேர்ந்து வாழும் ஒரு படம் காட்டிய வாரம் டின்னில் ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. 'அவங்க ரெண்டு பேருல யாரு தண்ணி எடுத்துட்டு வருவாங்க?' என்று அதில் எழுதியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, எழுதியவள் மனதுக்குள் அந்த வீட்டுக்குப் போய் வாழ்ந்து பார்த்திருக்கிறாள் என்று புரிந்தது. அப்போது எல்லோரும் 'அரவாணி' என்றுதான் எழுதுவார்கள். கொஞ்ச நாளில் 'திருநங்கை' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. சீட்டுகளில் அந்தச் சொல் வர ஆரம்பித்ததும் எஸ்தர் மேடம் எல்லாவற்றையும் வாங்கி எண்ணாமல், படிக்காமல் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மலர்க்கொடிக்கு வருகிறேன்.

கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்த மாணவி. நடவுக்காலத்தில் காலை வயலில் நின்றுவிட்டு, நகத்தில் சேறோடு வகுப்புக்கு வருவாள். அவள் அப்பா கோவிந்தராசு, போராட்டக் காலத்தில் சிறைக்குப் போய் வந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கக் கொடி பிடித்து, அடிபட்டு, கடைசியில் ஒன்றேகால் ஏக்கர் பட்டா வாங்கியவர். அவளும் ஒரு தம்பியும் என்றுதான் எங்கள் பதிவேட்டில் இருந்தது.

அந்த வியாழக்கிழமைப் படத்தில் ஒரு வீட்டில் சேர்ந்து வாழும் ஐந்து திருநங்கைகள் வருவார்கள். அவர்களில் ஒருவர் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டே பேசுவார். பெயர் அமுதா. "எங்க ஊரு வாய்க்கால்ல மொதத் தண்ணி வர்றப்ப நொரையோட வரும். அதுக்கு முன்னாடியே ஓடிப்போய் காஞ்ச மண்ணுல நின்னுக்குவேன். காலச் சுத்திக்கிட்டு ஏறும் பாருங்க..." சொல்லிவிட்டு, ஆவி முகத்தில் அடிக்கக் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பார்.

மலர்க்கொடி எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள், "ஏய், உக்காருடி, மறைக்குது" என்றார்கள். அவள் திரையை நோக்கி நடந்தாள். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். அவள் நிழல் படத்தின்மேல் விழுந்தது. படம் அவள்மேல் விழுந்தது. அமுதாவின் சேலை நிறமும் அடுப்பின் ஆவியும் அவள் முதுகில் அசைந்துகொண்டிருந்தன. நான் எழப் போனேன். எஸ்தர் மேடம் கையைத் தூக்கித் தடுத்தார். அந்தக் காட்சி முடிந்ததும் அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து நடந்தது என் தவறு. ஐந்து நிமிட மௌனம் முடிந்து டின் வந்தது. வழக்கம்போல் சீட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். மூன்றாவது சீட்டு. 'அந்த இட்லி ஊத்துறவங்க எங்க அண்ணன்.'

வாயிலிருந்து வந்தபிறகுதான் மண்டைக்குள் ஏறியது. 'எங்க இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க டீச்சர்' என்ற அடுத்த வரியை விழுங்கிவிட்டேன். விழுங்கி என்ன செய்ய? யார் எழுந்து போய்த் திரைமுன்னால் நின்றாள் என்று எண்பது பேரும் பார்த்திருந்தார்கள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பெயரில்லாமல் எழுதச் சொன்ன சீட்டு. அதற்கு நானே பெயர் போட்டுவிட்டேன். மாலை பஸ்ஸில் அது அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை கோவிந்தராசு வந்தார். ஒல்லியான ஆள். நெற்றியில் பழைய தடியடித் தழும்பு. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முதல்வர் அறை வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை.

"அம்மா, நான் ஆரு முன்னாடியும் தல குனிஞ்சதில்ல. பண்ணையார் வச்ச ஆளுங்க முன்னாடியும் நிமிந்துதான் நின்னேன். எட்டு வருசமா நான் மூடி வச்சத நீங்க செவுத்துல போட்டுக் காட்டியிருக்கீங்க. டீக்கடையில எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறானுங்க. நான் புகார் குடுக்கணும்."

"குடுங்க. அது உங்க உரிமை. எழுதிக் குடுத்தீங்கன்னா நானே மேல அனுப்பறேன்" என்றார் எஸ்தர் மேடம்.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும்."

"இவங்க எழுதுவாங்க" என்று என்னைக் காட்டினார்.

என்மேல் வந்த புகாரை நானே எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள். அவர் சொல்லச் சொல்ல அவருடைய வார்த்தையிலேயே எழுதினேன். "வியாழக்கிழமை காட்டுன படத்துல..." என்றவர் நிறுத்திவிட்டார்.

"படத்துல யாருங்கய்யா?" என்றேன்.

"அதான் உங்களுக்குத் தெரியுமே."

எஸ்தர் மேடம் குரலை உயர்த்தாமல் சொன்னார். "கடுதாசியப் படிக்கப் போறவங்களுக்குத் தெரியாதுங்க. உங்களுக்கு என்ன உறவுன்னு சொல்லணும்."

கோவிந்தராசு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "எம் புள்ள" என்றார்.

"பேரு?"

சொன்னார். அந்தப் பழைய பெயரை அன்று எழுதினேன். இங்கே எழுதப் போவதில்லை.

"படத்துல அமுதான்னு சொல்லுது. அதையும் எழுதணுமா?" என்று மேடம் கேட்டார். கோவிந்தராசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க படத்தப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"பாக்காத ஒண்ணு மேல புகார் எழுதுனா நிக்காதுங்க. பாத்துட்டு எழுதுங்க. என்ன எழுதச் சொன்னாலும் இவங்க எழுதுவாங்க. நான் அனுப்புவேன்."

மாணவர்களை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, கறுப்புத் துணிகளை நானே கட்டினேன். கோவிந்தராசு கூடத்தின் நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கெடங்குல மூட்ட ஏத்தியிருக்கேன். அப்ப எனக்கு பன்னண்டு வயசு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நாற்காலி போட்டேன். தரையிலேயே உட்கார்ந்தார்.

படம் ஓடியது. வெளியே வாய்க்காலில் தண்ணீர் இருந்த நேரம். மேற்கூரையில் ஒளி நெளிந்தது. அமுதா வந்தார். இட்லித் துணியை நனைத்துப் பிழிந்தார். மாவை ஊற்றினார். முதல் தண்ணீர் வருவதைப் பற்றிச் சொன்னார். கோவிந்தராசு அசையவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் இறுகியிருந்தன. அமுதாவின் பகுதி முடிந்து வேறொருவர் பேச ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"புள்ள எளச்சிருக்கு."

நான் படத்தை நிறுத்தினேன்.

"இன்னொரு தடவ அதப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். மூன்றாவது முறையும் கேட்டார், போட்டேன். பிறகு எழுந்து, பாதி எழுதியிருந்த காகிதத்தைக் கேட்டு வாங்கினார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எந்த ஊருன்னு தெரியுமா?"

"கேக்கணுங்க. அவங்க சொல்லலாம்னு சொன்னாத்தான் நாங்க சொல்ல முடியும்" என்றார் எஸ்தர் மேடம். அதற்கு அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

படம் எடுத்தவர்களுக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கைக்கு மட்டும் தொலைபேசி எண்ணைக் கொடுக்கலாம், அப்பாவுக்கு வேண்டாம் என்று அமுதா சொல்லியிருந்தார். எண்ணை மலர்க்கொடியிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதுவரை அவள் என்னோடு பேசவே இல்லை. "நீங்க சத்தமா படிச்சது தப்புதான் டீச்சர்" என்றாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதைவிடச் சரியாக வேறு யாரும் என்னைத் திருத்தியதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சீட்டையும் முதலில் மனதுக்குள் படித்தேன்.

எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேறு யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. எஸ்தர் மேடம் எங்கள் யார் பெயரையும் சேர்க்காமல், 'என் உத்தரவின்பேரில் நடந்தது' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். ஒரு வருடம் படங்களை நிறுத்தி வைத்தோம். டின்னை மட்டும் வகுப்பு வாசலில் விட்டு வைத்திருந்தோம். அதில் சீட்டு விழுந்துகொண்டேதான் இருந்தது. அடுத்த ஜூனில் மறுபடியும் கறுப்புத் துணி கட்டினோம். அந்த வருடம் அவர் ஓய்வு பெற்றார்.

நானும் படம் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்ப்பேன். நான் பெண்கள் வரிசைக்கு அனுப்பிய அந்தப் பையன் எங்கேயாவது வருகிறானா என்று. வரவில்லை. மலர்க்கொடிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் கோவிந்தராசு நிறுவனத்துக்கு வந்தார். மலர்க்கொடிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் ஆசிரியர். பத்திரிகையை நீட்டினார். இடையில் என்னென்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. தங்கை தொலைபேசியில் பேசியதும், அம்மா பாக்கியம் பேசியதும், ஒரு தை மாதத்தில் கோவிந்தராசு தனியாகப் பஸ் ஏறிப் போய், வீட்டுக்குள் போகத் தயங்கித் தெருமுனையிலேயே அரைநாள் நின்றதும் பிறகு காதில் விழுந்தவை. பத்திரிகையின் அடியில், 'தங்கள் வருகையை விரும்பும்' என்பதற்குக் கீழே அவர் பெயர், பாக்கியம் பெயர், அடுத்து 'மூத்த மகள் அமுதா' என்றிருந்தது.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரஸ்ஸுல ரெண்டு தடவ தப்பா அடிச்சுட்டான் டீச்சர். ஊருக்காரன், பழசு தெரிஞ்சவன். 'மகன்னுதான வரணும், நீங்க மாத்திச் சொல்றீங்க'ன்னு அவனே திருத்திட்டான். 'நான் சொல்றத அடிடா'ன்னு மூணாவது தடவ பக்கத்துலயே நின்னு வாங்கியாந்தேன்" என்றார்.

கல்யாணம் அவர்கள் வீட்டையொட்டிய களத்தில் பந்தல் போட்டு. ஐயர் இல்லை, ஓமம் இல்லை. சங்கத்துப் பெரியவர் ஒருவர் மாலை எடுத்துக் கொடுத்தார். எஸ்தர் மேடமும் தரங்கம்பாடியிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் வீட்டில் யாரும் வரவில்லை. முன்வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

காலையில் ஆட்கள் வர ஆரம்பித்த நேரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பந்தல் வாசலில் அமுதா நின்றிருந்தார். பச்சைப் பட்டுச் சேலை. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் பன்னீர்ச் செம்பு. வீட்டுப் பெண்பிள்ளைகள் நிற்கும் இடம் அது. வெயில் இன்னும் ஏறவில்லை. களத்துக்கு அப்பால் வயலில் தண்ணீர் தளதளவென்று நின்றது. அவர் ஒவ்வொருவரையும் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார். வந்தவர்கள் ஐந்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள். சிலர் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்தார்கள். சிலர் பக்கவாட்டில் நுழையப் பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. அமுதா சந்தனக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். நான் எழுந்திருக்கப் போனேன்.

அதற்குள் மேடைப் பக்கமிருந்து கோவிந்தராசு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார். அங்கே திரும்பி நின்று, தோள் துண்டைச் சரி செய்துகொண்டு, அயலூரிலிருந்து வந்த விருந்தாளியைப் போல மெதுவாக உள்ளே நடந்து வந்தார். அமுதாவின் முன்னால் நின்று கையை நீட்டினார். அமுதா பன்னீர் தெளித்தார். கோவிந்தராசு இரண்டு விரலால் சந்தனம் எடுத்து நெற்றித் தழும்பின்மேல் பூசிக்கொண்டார்.

பிறகு திரும்பி வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "என்ன நிக்கிறீங்க? எம் பொண்ணு கூப்புடுதுல்ல, வாங்க" என்றார்.